வெள்ளைத்தாளும் வேப்பிலைதான்: ஸ்கூல்ல ஏஐ-யை எப்படிச் சொல்லித் தரலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பஸ்லயோ மெட்ரோவுலயோ நின்னுக்கிட்டே கேட்கிறீங்கன்னா, சீக்கிரம் சீட் கிடைக்கட்டும். இன்னைக்கு ஸ்கூல் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிளாஸ் பத்திப் பேசப்போறோம். "ஸ்கூல் முடிச்சு வருஷக்கணக்காச்சு, எனக்கு எதுக்கு இது?"ன்னு அடுத்த எபிசோடுக்குப் போயிடாதீங்க. கடைசியில என்னோட பிளஸ் டூ மார்க் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அது உங்கள்ல சில பேரோட மார்க்கும்கூட.

நான் ஒரு கம்பெனியில டேட்டா அனலிஸ்ட். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல். அங்க இருக்கிற கம்ப்யூட்டர் மிஸ் எங்க குடும்பத்துக்குத் தெரிஞ்சவங்க. "தம்பி, பசங்க எல்லாரும் ஏஐ, ஏஐன்னு கேக்குறாங்க. நாலு சனிக்கிழமை வந்து சொல்லிக் குடுக்குறியா?"ன்னு கேட்டாங்க. ஒன்பதாம் வகுப்பு, நாற்பது பிள்ளைங்க. நான் ரொம்ப கான்ஃபிடன்ட்டா போனேன்.

முதல் கிளாஸ்ல பலகையில "டேட்டா"ன்னு எழுதி, "இது என்ன?"ன்னு கேட்டேன். கிளாஸே சேர்ந்து சொன்ன பதில்: "ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி அண்ணா!"

தப்பில்லையே. நம்ம ஊர்ல டேட்டான்னா ரீசார்ஜ்தான். பாடப்புத்தகத்துல "தரவு"ன்னு இருக்கும், ஆனா அந்த வார்த்தையை அவங்க பரீட்சை பேப்பருக்கு வெளியில பார்த்ததே இல்ல. நான் சிரிச்சுட்டு நேரா சாட்பாட்டைத் திறந்துட்டேன். கேள்வியை எப்படிக் கேட்டா நல்ல பதில் வரும், லீவ் லெட்டர் எழுத வைக்கிறது எப்படி, இதெல்லாம் காட்டினேன். பசங்களுக்கு ஒரே குஷி.

அப்போ மூணாவது பெஞ்ச் பொண்ணு ஒருத்தி, "எங்க தெருவோட வரலாறு கேளுங்க அண்ணா"ன்னா. கேட்டேன். நாலு பாரா வந்துச்சு. அழகான தமிழ். பழைய குளம், அதை வெட்டின ராஜா, குளக்கரையில நடந்த திருவிழான்னு எல்லாம் இருந்துச்சு. கிளாஸே கை தட்டுச்சு. அந்தப் பொண்ணு மட்டும் தட்டல.

"எங்க தெருவுல அப்படி ஒரு குளமே கிடையாது அண்ணா. எங்க பாட்டி பொறந்ததே அங்கதான். அவங்களும் சொன்னதில்ல. இது தப்பா சொல்லுதுன்னு எனக்குத் தெரியுது. எனக்குத் தெரியாத விஷயத்தைக் கேட்டா, அது தப்பா சொல்லுதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"கூகுள்ல செக் பண்ணிக்கோ"ன்னு சொல்லிச் சமாளிச்சேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் மனசு உறுத்துச்சு. டேட்டா வேலை பார்த்துச் சம்பளம் வாங்குறவன் நான், அந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒழுங்கான பதில் இல்ல. அவங்களுக்கு நான் ஏஐ சொல்லிக் கொடுக்கல, ஒரு ஆப் யூஸ் பண்ணத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

கறிவேப்பிலையா, வேப்பிலையா?

அடுத்த வாரம் வேற பிளான். டீச்சபிள் மெஷின்னு கூகுளோட இலவச இணையதளம் ஒண்ணு இருக்கு. கோட் எழுத வேண்டாம். ரெண்டு வகைப் படங்களை வெப்கேம்ல காட்டி, இது இந்த வகை, அது அந்த வகைன்னு பேர் கொடுத்தா போதும். அந்தப் பேரைத்தான் லேபிள்னு சொல்றோம். அப்புறம் ஒரு பட்டன் அமுக்கினா, நீங்க கொடுத்த படங்களை வெச்சு ஒரு மாடல் தயாராகிடும்.

நான் முதல்ல பசங்களோட முகத்தை வெச்சு "சிரிப்பு", "கோபம்"னு பண்ணலாம்னு நினைச்சேன். மிஸ் ஒத்துக்கல. "பசங்க முகத்தை யார் லேப்டாப்புல எடுக்குறே? எடுத்த படம் எங்க போகும்? அப்பா அம்மாகிட்ட கேட்டியா?"ன்னாங்க. அவங்க கேட்டது சரி. இந்த இணையதளத்துல ட்ரெயினிங் நம்ம பிரவுசருக்குள்ளேயே நடக்குதுங்கிறது உண்மைதான், ஆனா கேட்கணும்ங்கிற பழக்கம் அதைவிட முக்கியம். 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க தகவலைக் கையாள பெற்றோர் சம்மதம் வேணும்னுதான் சொல்லுது. டேட்டா பத்தின முதல் பாடத்தை அன்னைக்கு நான்தான் கத்துக்கிட்டேன்.

அதனால முகத்துக்குப் பதிலா இலை. கறிவேப்பிலையும் வேப்பிலையும். சட்டுனு பார்த்தா குழம்பும், உத்துப் பார்த்தா வித்தியாசம் தெரியும். வேப்பிலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். ஒரு டீம் கறிவேப்பிலை, இன்னொரு டீம் வேப்பிலை. வகைக்கு முப்பது, நாற்பது படம். இவ்வளவு கம்மியா எப்படிப் போதும்னா, ஏற்கெனவே லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகின ஒரு மாடல் மேலதான் நம்ம படங்களை ஏத்துறோம்.

ட்ரெயின் பண்ணியாச்சு. டெஸ்ட் பண்ணினா, காட்டின எல்லா இலையையும் சரியா சொல்லுது! பசங்க ஒரே ஆரவாரம்.

அப்போ ஒரு பையன் ஒரு கறிவேப்பிலையை எடுத்து வெள்ளைத்தாள் மேல வெச்சு கேமராவுக்குக் காட்டினான். ஸ்கிரீன்ல "வேப்பிலை, 99 சதவீதம்"னு வந்துச்சு.

கிளாஸ் அமைதியாகிடுச்சு. அவன் இலையை எடுத்துட்டான். வெறும் தாளைக் காட்டினான். "வேப்பிலை, 98 சதவீதம்."

இலையே இல்லாத வெள்ளைத்தாள்!

என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க அவங்களுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. நான் வாயைத் திறக்கல. கறிவேப்பிலை டீம் இலையை பிரவுன் கலர் பெஞ்ச் மேல வெச்சுப் படம் எடுத்திருக்காங்க. வேப்பிலை டீம் நீட்டா இருக்கட்டும்னு வெள்ளைத்தாள் மேல வெச்சிருக்காங்க. ரெண்டு வகைக்கும் சுலபமா தெரியுற வித்தியாசம் எது? பின்னாடி இருக்கிற கலர். மாடல் அதைத்தான் பிடிச்சுக்கிட்டது. இலையோட ஓரத்தை அது பார்க்கவே இல்ல, பார்க்க வேண்டிய தேவையும் அதுக்கு வரல.

இன்னொண்ணும் கவனிச்சாங்க. அந்த மாடலுக்கு "தெரியல"ன்னு சொல்ற வழியே இல்ல. நாம கொடுத்தது ரெண்டு பெட்டி. எதைக் காட்டினாலும் ரெண்டுல ஒண்ணுலதான் போடணும். ரெண்டு சதவீதத்தையும் கூட்டினா எப்பவும் நூறு வரும். அதனாலதான் வெறும் தாளுக்கும் அவ்வளவு தைரியமா பதில் சொல்லுது.

பக் எங்க இருக்கு?

நான் பிளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூல பைத்தான் படிச்சவன். எங்களுக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் சயின்ஸ்ல, புரோகிராம் தப்பான பதில் கொடுத்தா தப்பு கோட்ல இருக்கும். வரி வரியா படிச்சுப் பார்ப்போம். எங்கயோ லூப் ஒரு தடவை கூட ஓடியிருக்கும். திருத்திட்டா முடிஞ்சது.

இங்க எந்த வரியைத் திருத்துவீங்க? கோட் சொன்ன வேலையைச் சரியாத்தான் செய்யுது. தப்பு டேட்டாவுல இருக்கு. ஸ்கூல் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல புதுசா வர வேண்டிய விஷயம் இதுதான்னு நான் நினைக்கிறேன். இதுவரைக்கும் கோடைத் திருத்தக் கத்துக்கொடுத்தோம், இனிமே டேட்டாவைத் திருத்தவும் கத்துக்கொடுக்கணும்.

பசங்க திருத்தினாங்க. ரெண்டு இலையையும் பெஞ்ச் மேலயும், தாள் மேலயும், உள்ளங்கையிலயும் வெச்சு எடுத்தாங்க. ஜன்னல் பக்கம் கொஞ்சம், ட்யூப்லைட்டுக்குக் கீழ கொஞ்சம். "எதுவும் இல்லை"ன்னு மூணாவது பெட்டி ஒண்ணு சேர்த்தாங்க. மாடல் நூறு சதவீதம் சரியாகிடல. முன்னாடி போட்ட ஆட்டத்தைப் போடல, அவ்வளவுதான்.

அடுத்தது, கம்ப்யூட்டரே வேண்டாத ஒரு கணக்கு. மேசை மேல 50 இலை. அதுல 45 கறிவேப்பிலை, 5 வேப்பிலை. கண்ணை மூடிக்கிட்டு எல்லாமே கறிவேப்பிலைன்னு சொல்லுங்க. எத்தனை சரி? 45. அதாவது 90 சதவீதம். "எங்க ஏஐ 90 சதவீதம் துல்லியம்"னு விளம்பரமே கொடுக்கலாம். ஆனா அஞ்சு வேப்பிலையும் சாம்பாருக்குள்ள போயாச்சு. அதனால துல்லியம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டா பத்தாது. தப்பு எந்தப் பக்கம் விழுது, அந்தத் தப்பை யார் சாப்பிடப்போறாங்கன்னு கேட்கணும். ஒன்பதாம் வகுப்புக்கு இது நல்லாவே புரியும். இதுக்கு சதவீதம் தெரிஞ்சா போதும்.

ஆமாவா, இல்லையா?

மூணாவது சனிக்கிழமை பசங்களே டேட்டா சேகரிச்சாங்க. வீட்டுல படிக்கிற வசதி பத்தி ஒரு சின்ன சர்வே. பேர் எழுத வேண்டாம்னு மிஸ் சொல்லிட்டாங்க. முதல் கேள்வி: "வீட்டில் இன்டர்நெட் உண்டா? ஆம் / இல்லை."

ஒரு பையன் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தான். என்னடான்னு கேட்டேன்.

"அப்பா டெலிவரி வேலைக்குப் போறாரு அண்ணா. போன் அவர்கிட்டதான் இருக்கும். நைட் பத்து மணிக்கு மேல வந்தா கிடைக்கும், அதுவும் டேட்டா மிச்சம் இருந்தா. அப்புறம் அக்காவுக்கும் வேணும். நான் ஆமான்னு போடவா, இல்லைன்னு போடவா?"

யோசிச்சுப் பாருங்க. அவன் "ஆம்"னு போட்டா, யாரோ ஒருத்தர் அந்தத் தாளைப் பார்த்து, "எல்லா வீட்டுலயும் இன்டர்நெட் இருக்கு, வீட்டுப்பாடத்தை ஆன்லைன்ல கொடுத்துடலாம்"னு முடிவு பண்ணுவாங்க. "இல்லை"ன்னு போட்டா அதுவும் பொய். அவனோட வாழ்க்கை அந்தக் கட்டத்துக்குள்ள அடங்கல.

கிளாஸே சேர்ந்து கேள்வியை மாத்துச்சு. யாரோட போன்? எத்தனை பேர் பகிர்ந்துக்கிறீங்க? நீங்க படிக்கிற நேரத்துல அது கையில இருக்குமா? பழைய கேள்வியைக் கேட்டப்போ ஏறக்குறைய எல்லாரும் கை தூக்கினாங்க. "படிக்கிற நேரத்துல கையில இருக்குமா?"ன்னு கேட்டப்போ பாதிக்கு மேல கை கீழ இறங்கிடுச்சு. பிள்ளைங்க அதே பிள்ளைங்கதான். கேள்விதான் மாறிச்சு.

டேட்டா தானா கிடைக்கிற பொருள் இல்ல. யாரோ ஒரு கேள்வி கேட்டு, யாரோ ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள மனுஷங்களை அடைச்சு வருது. "ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி"ன்னு சொன்ன பசங்களுக்கு அன்னைக்குத்தான் அந்த வார்த்தைக்கு ரெண்டாவது அர்த்தம் கிடைச்சது.

2020 இங்கிலாந்து, 2021 தமிழ்நாடு

இது ஏன் முக்கியம்? சாம்பார்ல வேப்பிலை விழுந்தா கசக்கும், அவ்வளவுதான். ஆனா இதே மாதிரி ஒரு கணக்கு மாணவர்களோட வாழ்க்கைக்குள்ளேயே புகுந்த கதை ஒண்ணு இருக்கு.

2020-ல கொரோனாவால இங்கிலாந்துல ஏ லெவல் பரீட்சைகள் ரத்தாச்சு. நம்ம பிளஸ் டூ மாதிரி, காலேஜ் சீட்டை முடிவு பண்ற பரீட்சை அது. ஒவ்வொரு மாணவரும் என்ன கிரேடு வாங்குவாங்கன்னு ஆசிரியர்கள்கிட்ட கேட்டாங்க. கூடவே, பாடவாரியா ரேங்க் வரிசையும் வாங்கினாங்க. ஆசிரியர்கள் தாராளமா போட்டுடுவாங்கன்னு, ஆஃப்குவால்ங்கிற தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு புள்ளியியல் மாடல் வெச்சு அதைச் சரிபண்ணிச்சு. அந்த மாடலுக்கு முக்கியமான தீனி, அந்தப் பள்ளியோட முந்தைய வருஷ ரிசல்ட்கள்.

ஆகஸ்ட் 13 அன்னைக்கு ரிசல்ட் வந்துச்சு. ஏறக்குறைய 39 சதவீத கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைஞ்சிருந்துச்சு. முந்தைய வருஷங்கள்ல யாரும் உச்ச கிரேடு வாங்காத ஒரு பள்ளியில நீங்க படிச்சிருந்தா, நீங்க எவ்வளவு கெட்டியா இருந்தாலும் அந்த கிரேடு வர்றது ரொம்பக் கஷ்டம். ஒரு பாடத்துல ரொம்பக் கம்மியான பேர் படிக்கிற பள்ளிகள்ல, புள்ளிவிவரம் போதாதுன்னு ஆசிரியர் கொடுத்த கிரேடையே எடுத்துக்கிட்டாங்க. அப்படிச் சின்ன வகுப்புகள் அதிகமா இருக்கிறது தனியார் பள்ளிகள்ல. விளைவு என்னன்னு நீங்களே ஊகிக்கலாம். மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. நாலே நாள்ல, ஆகஸ்ட் 17 அன்னைக்கு, அரசு பின்வாங்கி, ஆசிரியர் கொடுத்த கிரேடையே ஏத்துக்கிச்சு.

கவனிங்க, இது நாம இன்னைக்குச் சொல்ற ஏஐ கூட இல்ல. வெறும் புள்ளியியல் கணக்கு. அதுல பக்கும் இல்ல. போட்ட திட்டப்படிதான் ஓடுச்சு. நீ யாருன்னு பார்க்காம, நீ உட்கார்ந்திருக்கிற பெஞ்ச் என்ன கலர்னு பார்த்துச்சு. எங்க இலை மாடல் மாதிரியே.

இப்போ என் கதை. நான் 2021 பேட்ச். ஆமா, பரீட்சை எழுதாம பாஸ் ஆனோம்னு எல்லாரும் கிண்டல் பண்ற அதே பேட்ச். தமிழ்நாட்டுல அந்த வருஷம் பிளஸ் டூ மார்க் போட்ட விதம் இது: பத்தாம் வகுப்புல அதிக மார்க் எடுத்த மூணு பாடத்தோட சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன் பரீட்சைக்கு 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம்.

இங்கிலாந்து கணக்குக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்க என் மார்க்குக்கு என்னோட பழைய மார்க்தான் ஆதாரம், என் ஸ்கூலோட பழைய மாணவர்கள் இல்ல. பிடிக்காதவங்க அப்புறம் பரீட்சை எழுதிக்கவும் வழி இருந்துச்சு. அந்தச் சூழ்நிலையில எந்த வழியும் எல்லாருக்கும் நூறு சதவீதம் பொருந்தியிருக்காது.

ஆனா ஒண்ணை ஒத்துக்கணும். பத்தாவதுல நான் நல்ல மார்க். பிளஸ் டூல லாக்டவுன்ல கேம் விளையாடியே பொழுதைக் கழிச்சேன். என் நண்பனுக்கு நேர் எதிர். பத்தாவது வருஷம் வீட்டுல கஷ்டம், மார்க் குறைவு. பிளஸ் டூல உட்கார்ந்து படிச்சான், என் டவுட்டெல்லாம் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். ரிசல்ட்ல நான் மேல, அவன் கீழ. அன்னைக்கு "லக்குடா"ன்னு சிரிச்சோம். லக் இல்ல அது. எந்த டேட்டாவுக்கு எவ்வளவு எடைன்னு ஒருத்தர் எடுத்த முடிவு. அந்த முடிவைப் பார்க்கவும், அதைப் பத்திக் கேட்கவும் எங்க ரெண்டு பேருக்கும் யாரும் கத்துக்கொடுத்திருக்கல. இத்தனைக்கும் ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்.

சரி, எங்க நுழைக்கிறது?

"சிலபஸ் முடிக்கவே நேரம் இல்ல, இதுக்கு எங்க பீரியட்?" ஆசிரியர்கள் கேட்கிற இந்தக் கேள்வி நியாயமானது. புதுப் பாடமே வேணும்னு நான் சொல்லல. சிபிஎஸ்இ-யில 2019-20 கல்வியாண்டுல இருந்தே ஒன்பதாம் வகுப்புக்கு ஏஐ ஒரு விருப்பப் பாடமா இருக்கு. நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துலயே சிஎஸ்வி கோப்பு பத்தி ஒரு பாடம், பைப்ளாட் வெச்சு வரைபடம் போடுறது பத்தி ஒரு பாடம் உண்டு. நான் அதைப் படிச்சு பை சார்ட் போட்டேன், ரெக்கார்டு நோட்ல ஒட்டினேன், மார்க் வாங்கினேன். அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. புத்தகத்துல இருக்கிற நம்பருக்குப் பதிலா பசங்க தாங்களே சேகரிச்ச நம்பரை வெச்சு அதே சார்ட்டைப் போடச் சொன்னா போதும். பாடமும் நடக்கும், கேள்வியும் வரும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூணுதான். இந்த டேட்டாவை யார், எதுக்காகச் சேகரிச்சாங்க? இதுல யார் விட்டுப்போயிருக்காங்க? இது தப்பாப் போனா யாருக்கு அடி? லேப்ல பத்து கம்ப்யூட்டர்ல ஆறு ஓடலைன்னாலும் இந்த மூணையும் கேட்கலாம். கரும்பலகை போதும்.

நாலாவது சனிக்கிழமை அந்த மூணாவது பெஞ்ச் பொண்ணுகிட்ட திரும்பிப் போனேன். "நீ அன்னைக்குக் கேட்டதுக்கு இப்போ பதில் சொல்லவா?"ன்னேன்.

"வேண்டாம் அண்ணா, எனக்கே தெரியும்"ன்னா. "எங்க தெருவைப் பத்தி எங்கயும் யாரும் எழுதல. எழுதினாத்தானே அது படிச்சிருக்கும்? எங்க தெரு அதுக்கு வெள்ளைத்தாள். அதான் வேப்பிலைன்னு சொல்லிடுச்சு."

நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவா சொல்லியிருக்க மாட்டேன். சாட்பாட் அடுத்து எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம்னு கணிச்சு எழுதுது. நிறைய பேர் எழுதின விஷயத்துல அது பெரும்பாலும் சரியா இருக்கும். யாருமே எழுதாத இடத்துலயும் அதே தைரியத்தோட எழுதும். அதனால பதில் எவ்வளவு அழகா இருக்குன்னு பார்க்காதீங்க. இந்த விஷயத்தைப் பத்தி அது படிச்சிருக்க வாய்ப்பு இருக்கான்னு முதல்ல கேளுங்க. சந்தேகம்னா, தெரிஞ்ச மனுஷங்ககிட்டயோ புத்தகத்துலயோ போய்ப் பாருங்க.

அந்தப் பொண்ணு இப்போ பாட்டிகிட்ட கேட்டு தெருக்கதையை நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கா. ஏழு பக்கம் ஆயிடுச்சாம்.

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஸ்கூல் படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா, இந்த வாரம் கறிவேப்பிலையும் வேப்பிலையும் கொஞ்சம் பறிச்சுட்டு வந்து உட்காருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுவரைக்கும் சாம்பாரைப் பார்த்து சாப்பிடுங்க.